பறக்கும் அணில் சார்ட் அடித்துக் கொடுத்த ஆண்டர்சன் தெருக் கடை: ஐந்துக்கு நாலு

நாலுக்கு மூன்றடி சுவர் சார்ட். வினைல் பிரிண்ட், மேட் லேமினேஷன், 5 எம்.எம். சன்போர்டில் (கனமில்லாத ஃபோம் பலகை) ஒட்டியது, டிசைனும் அவர்களுடையதே. கடை, ஆண்டர்சன் தெருவிலிருந்து பிரியும் சந்துக்குள் மாடியில் இருக்கிறது. கீழே கல்யாணப் பத்திரிகைக் கடை, மேலே இவர்கள். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். படிக்கட்டு மட்டும் கொஞ்சம் செங்குத்து.

வேலை நன்றாக இருக்கிறது, பணத்துக்கு மோசமில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சார்ட் அடிக்கிறவர்கள் இங்கே போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ‘அடிச்சு வைங்க, சாயந்திரம் வந்து எடுத்துக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். புரூஃப் பார்க்கிறவர் பக்கத்திலேயே உட்கார வேண்டிய கடை இது.

நான் தண்டையார்பேட்டையில் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். வகைப்பாட்டியல் பாடம் வந்தாலே பிள்ளைகள் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெட்டிகளை யார் போட்டது, ஏன் மாற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வைக்கிற மாதிரி ஒரு விலங்குக் கூட்டம் வேண்டும் என்று தேடியபோது அகப்பட்டதுதான் சின்னப் பறக்கும் அணில்கள். உலகம் முழுக்கப் பறக்கும் அணில்கள் சுமார் ஐம்பது சிற்றினங்கள். பல்லைப் பார்த்துப் பிரித்தவர்கள் ஒரு மாதிரி பிரித்தார்கள், மணிக்கட்டு எலும்பைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி, மரபணுவைப் பார்த்தவர்கள் இன்னொரு மாதிரி. ஆண்குறி எலும்பின் வடிவத்தை வைத்தும் பேரினங்களைப் பிரித்திருக்கிறார்கள். அதைச் சார்ட்டில் போடவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அதைப் போட்டால் அந்த வருஷம் வேறு எதையும் நடத்த முடியாது.

டிசைன் பார்க்கிற தம்பிக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். கை வேகம். நான் எழுதிக் கொண்டுபோன தாளை வாங்கிப் பார்த்தவர், டீ வருவதற்குள் ஒரு லேஅவுட் போட்டுக் காட்டிவிட்டார். மேலே பெரிய அணில்கள், கீழே வரவரச் சின்னவை, ஓரத்தில் ஒரு அளவுகோல். பார்க்க அழகாகவே இருந்தது. கடைக்கார அண்ணனும் எட்டிப் பார்த்து, “சூப்பரா கீது டீச்சர், இதையே ஓகே பண்ணிடுங்க” என்றார்.

அப்படி ஓகே பண்ண முடியாது. இந்த அணில்களை உயரவரிசையில் நிறுத்தினால் உறவு தெரியாது. 2004இல் ஸ்டெப்பன், ஸ்டோர்ஸ், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மரபணுவை வைத்துப் பார்த்தபோது மொத்தக் கூட்டமும் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளையில் இருப்பவை பெரும்பாலும் சின்னவை. வட அமெரிக்காவின் கிளாக்கோமிஸ், காஷ்மீரின் இயோகிளாக்கோமிஸ், தென்கிழக்கு ஆசியாவின் ஹைலோபீட்டஸ், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சிற்றினம் வாழும் பெட்டினோமிஸ், போர்னியோ பக்கத்துக் குட்டியான பெட்டாரில்லஸ், ஜாவா சுமத்ரா பக்கம் இருக்கிற ஐயோமிஸ் எல்லாம் இதில் வரும். மற்றக் கிளையில்தான் ஒரு கிலோவுக்கு மேல் எடை போடுகிற பெட்டாரிஸ்டா மாதிரியான ராட்சதப் பறக்கும் அணில்கள். இதுவரை தம்பியின் லேஅவுட்டுக்குப் பாதகமில்லை.

சிக்கல் டெரோமிஸ் பேரினத்தில் வருகிறது. ஃபின்லாந்திலிருந்து சைபீரியா வழியாக ஜப்பானின் ஹொக்கைடோ வரை வாழ்கிற ஒன்று, ஜப்பானின் மற்றத் தீவுகளில் இன்னொன்று, ஆக இரண்டே சிற்றினம். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, பெரிய கண், அமெரிக்காவின் கிளாக்கோமிஸை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் மரபணு இதைக் கொண்டுபோய் ராட்சதர்கள் இருக்கிற கிளையில் வைக்கிறது. இமயமலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் முடிக்கால் பறக்கும் அணில், பெலோமிஸ் என்பது, அதுவும் சின்னதுதான். அதுவும் அந்தக் கிளைதான். ‘சின்னப் பறக்கும் அணில்’ என்று நாம் சொல்வது அளவைத்தான், உறவை அல்ல. என் சார்ட்டின் மொத்தக் காரணமே இந்த ஒரு விஷயம்தான்.

இதைச் சொன்னதும் தம்பி முகம் சுளிக்கவில்லை. “அப்போ இது ஃபேமிலி ட்ரீ மாதிரி வரணும், இல்லையா மேடம்?” என்று கேட்டு, போட்டதை அழித்துவிட்டு முதலிலிருந்து கோடு இழுக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கேள்விக்காகவே ஒரு நட்சத்திரம். இதற்கு முன்னால் நான் போன வேறு ஒரு இடத்தில், மாற்றம் சொன்னாலே ‘எக்ஸ்ட்ரா சார்ஜ்’ என்றுதான் முதல் வார்த்தை வரும்.

மரத்தில் எனக்குப் பிடித்த இடம் காஷ்மீர் அணில். இயோகிளாக்கோமிஸ், ஒரே ஒரு சிற்றினம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் மேற்கு இமயமலை என்று வாழ்கிறது. ரொம்ப காலம் இதை ஹைலோபீட்டஸ் பேரினத்துக்குள்ளேயே அடக்கி வைத்திருந்தார்கள். தனியே எடுத்து வைத்த பிறகு பார்த்தால் நெருங்கிய சொந்தம் அமெரிக்காவில் இருக்கிற கிளாக்கோமிஸ். காஷ்மீரையும் கனடாவையும் ஒரே கோட்டில் இணைத்துத் தம்பி அம்புக்குறி போட்டதும், பத்திரிகை வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், “இது விசா இல்லாமலே போய்ட்டு வந்திருக்கு” என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

இனி படங்கள். கடையின் பலவீனம் இங்கேதான்.

படம் நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். சரி என்று விட்டால், இணையத்தில் ‘பறக்கும் அணில்’ என்று தேடி முதலில் வந்த ஐந்தாறு படத்தை இறக்கி ஒட்டியிருந்தார்கள். அதில் பாதி, அணிலே இல்லை. நெற்றியிலிருந்து முதுகு வரை கறுப்புக் கோடு ஓடுகிற சுகர் கிளைடர். அது ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்துப் பைம்மா. அணிலை விடக் கங்காருவுக்குத்தான் நெருக்கம். செல்லப்பிராணி விற்கிறவர்களில் சிலர் அதையும் பறக்கும் அணில் என்றே சொல்லி விற்பதால் இந்தக் குழப்பம் பிள்ளைகளிடமும் உண்டு. இன்னொரு படம் ஆப்பிரிக்காவின் செதில்வால். அது கொறிணிதான், ஆனால் அணில் குடும்பமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான இடம் இருக்கிறது, கை. உண்மையான பறக்கும் அணிலுக்கு மணிக்கட்டிலிருந்து ஒரு குருத்தெலும்பு முள் மாதிரி வெளியே நீளும். தாவும்போது அதை விரித்துத்தான், கைக்கும் காலுக்கும் நடுவே இருக்கிற தோல்சவ்வின் ஓரத்தை இழுத்துப் பிடிக்கிறது. செதில்வாலுக்கு அந்தக் குருத்தெலும்பு முழங்கையிலிருந்து புறப்படும். சுகர் கிளைடருக்கு அப்படி எதுவும் கிடையாது, சவ்வு நேரே கையின் ஐந்தாம் விரலிலிருந்து கால் வரை போகும். மூன்றுமே தனித்தனியாகச் சறுக்கக் கற்றுக்கொண்டவை. இதைத் தம்பிக்குத் திரையில் பெரிதாக்கிக் காட்டியதும் அவரே, “அப்போ இதைத் தனியா ஒரு பாக்ஸ்ல போடலாமே, மூணு கையும் பக்கத்துப் பக்கத்துல” என்றார். போட்டோம். வகுப்பில் பிள்ளைகள் அதிகம் நிற்கிற இடம் இப்போது அந்தப் பெட்டி முன்னால்தான்.

சரியான படங்கள் கிடைத்த பிறகும் ஒரு தொல்லை. பின்னணியை நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓட விட்டால் அது வால் முடியையும் மீசையையும் சேர்த்து வழித்துவிடுகிறது. மற்ற விலங்குக்குப் பரவாயில்லை. இங்கே வால்தான் அடையாளம். சின்னவற்றுக்கு வால் தட்டையாக, நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் முடி பிரிந்து இறகு போல இருக்கும். ராட்சதர்களுக்கு உருண்டையாகப் புசுபுசுவென்று இருக்கும். ஓரம் வழித்த படத்தில் எல்லாம் எலி வாலாகிவிட்டது. தம்பி கையாலேயே வெட்டிச் சரிசெய்தார், நேரம் எடுத்தது, முகத்தில் சலிப்பு தெரிந்தது, ஆனாலும் செய்தார்.

திருவாங்கூர் பறக்கும் அணிலுக்கு மட்டும் தெளிவான, உரிமச் சிக்கல் இல்லாத படம் எதுவும் எங்களுக்கு அகப்படவில்லை. பெட்டினோமிஸ் ஃபுஸ்கோகாபில்லஸ். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிறது. அந்தப் பேரினத்தின் மற்ற உறவுகள் எல்லாம் மலேயா, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் என்று அந்தப் பக்கம். இது ஒன்று மட்டும் இவ்வளவு மேற்கே. 1847இல் விவரித்தார்கள். பிறகு நெடுங்காலம் கண்ணில் படாமல் போய், கேரளத்தில் மறுபடியும் கிடைத்ததாக 1989இல்தான் பதிவானது. முதலில் விவரித்த ஜெர்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவர். இதற்கு எங்கள் டிராயிங் மாஸ்டர் வாட்டர்கலரில் வரைந்து கொடுத்தார். கடையில் ஏ4 ஸ்கேனர்தான் இருந்தது. ஏ3 தாளை இரண்டு பாதியாக ஸ்கேன் செய்து ஒட்டினார்கள். கழுத்துப் பக்கம் உற்றுப் பார்த்தால் ஒட்டிய கோடு தெரியும்.

பெட்டினோமிஸையும் ஹைலோபீட்டஸையும் வெளியே பார்த்துப் பிரிப்பது கஷ்டம். மண்டை ஓட்டில் காதுப்பக்க எலும்புக் குமிழைத்தான் பார்க்க வேண்டும். பெட்டினோமிஸுக்கு அது ஊதிப் பெரிதாகி உள்ளே பல தடுப்புகளோடு இருக்கும், ஹைலோபீட்டஸுக்கு அவ்வளவு தடுப்பு கிடையாது. பழைய அருங்காட்சியகப் பெட்டிகளில் ஒன்றின் பெயர் இன்னொன்றின் மேல் ஏறியதில் ஆச்சரியமே இல்லை. இதைச் சின்னக் கோட்டுப்படமாகப் போட்டோம்.

ஹைலோபீட்டஸ் வரிசையில் ஃபேயர் பறக்கும் அணில் என்று ஒன்று இருக்கிறது. பர்மா, தாய்லாந்துக் காடுகளில் வாழ்கிறது. பிரிட்டிஷ் பர்மாவின் முதல் தலைமை ஆணையர் ஆர்தர் ஃபேயரின் பெயர். ஒட்டுவதற்காகக் காத்திருந்த நேரத்தில் பீச் ஸ்டேஷன் எதிரே போய் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டேன். கடை போட்டிருந்த அம்மாவின் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவராம். ஃபேயர் அணிலைப் பற்றிச் சொன்னேன். “எங்க தாத்தா யானைக் கதைதான் சொல்வாரு, அணில் சொன்னதில்லம்மா” என்றார். அத்தோவில் புளி தூக்கல், நன்றாக இருந்தது. அது வேறு ரிவியூ.

எழுத்துரு விஷயத்தில் எச்சரிக்கை. நான் யூனிகோடில் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். அவர்கள் கணினியில் இருக்கும் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டியதும் கொம்பெல்லாம் கழன்று எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. ‘பெட்டினோமிஸ்’ படிக்கவே முடியவில்லை. பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றிச் சரிசெய்தார்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் மறுபடியும் படியுங்கள். ஆங்கில எழுத்தில் இருக்கிற அறிவியல் பெயர்களில் வேறு வம்பு. மென்பொருள் தானாகவே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக்கிவிட்டது. பேரினத்துக்கு மட்டும்தான் பெரிய எழுத்து, சிற்றினத்துக்குச் சின்ன எழுத்து, இரண்டும் சாய்வு. இதற்குத்தான் தேர்வில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறேன், சுவரில் தப்பாக மாட்டினால் என் மானம் போகும்.

நிறம் பரவாயில்லை. திரையில் பார்த்த பழுப்பு, பிரிண்டில் கொஞ்சம் சிவந்துதான் வந்தது. கேட்டால் ஒரு சின்னத் துண்டு அடித்துக் காட்டுகிறார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. கட்டாயம் கேளுங்கள்.

ஒரு நிறம் மட்டும் வரவே வராது என்று கைவிரித்துவிட்டார்கள். அமெரிக்கக் கிளாக்கோமிஸ் மூன்று சிற்றினமும் புற ஊதா வெளிச்சம் பட்டால் இளஞ்சிவப்பாக ஒளிர்கின்றன. விஸ்கான்சினில் ஒரு வனவியல் பேராசிரியர் இரவில் புற ஊதா டார்ச்சோடு தன் வீட்டுத் தோட்டத்தில் நின்றபோது தற்செயலாகப் பட்டது. அருங்காட்சியகத் தோல்களையும் சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். எதற்காக ஒளிர்கிறது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. நான் அந்த மூன்றையும் ஒளிர்கிற பிங்கில் கேட்டேன். நாலு வண்ண மையில் அந்தப் பிங்க் கிடையாது, எப்படி அடித்தாலும் மங்கலாகத்தான் வரும். கடைக்கார அண்ணன் யோசித்துவிட்டு, “நம்பர் பிளேட்டுக்கு ஒட்டற கடை ஒண்ணு பக்கத்துலயே கீது. ஃபுளோரசன்ட் ஸ்டிக்கர் வாங்கி நானே கட் பண்ணித் தர்றேன்” என்றார். தந்தார். சவ்வின் வடிவத்தில் மூன்று துண்டு. பிள்ளைகள் நோட்டுச் சோதிக்கிற புற ஊதா டார்ச்சைக் கொண்டுவந்து அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சார்ட்டிலேயே விலை குறைவான பாகம் அதுதான்.

அந்த மூன்றாவது சிற்றினம் வந்த கதையையும் போட்டிருக்கிறேன். 2017 வரை கிளாக்கோமிஸ் இரண்டுதான், வடக்கத்தியது, தெற்கத்தியது. பசிபிக் கரையோரம், கனடாவின் தெற்கு ஓரத்திலிருந்து கலிஃபோர்னியா வரை இருப்பவை தனி என்று மரபணு சொன்னது. சில இடங்களில் வடக்கத்தியதோடு ஒரே பகுதியில் வாழ்ந்தும் கலக்கவில்லை. ஹம்போல்ட் பறக்கும் அணில் என்று பெயர் வைத்தார்கள். அறிவியல் பெயர் புதிது அல்ல, 1839இல் பாக்மன் வைத்த ‘ஒரிகோனென்சிஸ்’ தூசு தட்டி எடுக்கப்பட்டது. அதே 1839இல்தான் வால்டர் எலியட், மெட்ராஸிலிருந்து வெளிவந்த ஒரு ஆய்விதழில் நம் இந்திய ராட்சதப் பறக்கும் அணிலுக்குப் பெயர் வைத்தார். இரண்டு பெயரையும் ஒரே கட்டத்தில் போடச் சொன்னேன்.

சரி, குறைந்த நட்சத்திரம். எல்லாம் முடிந்து ஓகே சொல்லி, பாதிப் பணமும் கொடுத்தாயிற்று. எடுக்கப் போனால் பழைய ஃபைலை அடித்து ஒட்டி வைத்திருந்தார்கள். டெரோமிஸும் பெலோமிஸும் சின்னவை கிளையிலேயே உட்கார்ந்திருந்தன. எதற்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ அந்த இடமே தப்பு. முதலில் அண்ணன், “ரெண்டு பேர்தானே டீச்சர், மேல ஸ்டிக்கர் ஒட்டிடலாம்” என்று சமாளித்தார். கிளைக் கோடே மாறுகிறது, ஸ்டிக்கரில் முடியாது என்று நின்றேன். கொஞ்சம் முனகிவிட்டு முழுதாக மறுபடி அடித்துத் தந்தார், கூடுதல் பணம் கேட்கவில்லை. நியாயமானவர்தான். ஆனால் ஃபைலுக்குப் பெயர் வைக்கிற பழக்கம் அந்தக் கடையில் இல்லை. ‘அணில் புதுசு’, ‘அணில் புதுசு புதுசு’, ‘அணில் கடைசி’ என்று கணினியில் கிடக்கிறது. ‘கடைசி’க்கு அப்புறமும் இரண்டு இருந்தன.

சதுர அடி 90 ரூபாய் வீதம் 1,080, டிசைனுக்குத் தனியாக 400. ஸ்டார் ஃபிளெக்ஸில் கேட்டால் இதில் பாதிகூட ஆகாது, ஆனால் சின்ன எழுத்து அதில் நிற்காது. லேமினேஷன் கிளாஸி வேண்டாம், வகுப்பறை ட்யூப்லைட் முகத்தில் அடிக்கும், மேட் கேளுங்கள். சன்போர்டு மூலைக்கு அட்டை வைத்துக் கட்டித் தருகிறார்கள். ஆட்டோவில் குறுக்கே வைத்துத்தான் கொண்டுபோக முடியும். தண்டையார்பேட்டை வரை நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன், ஒரு மூலை லேசாக நசுங்கியது. அது கடையின் குற்றமில்லை, கல்மண்டபம் பக்கத்துப் பள்ளத்தின் குற்றம்.

ஜிபே வாங்குகிறார்கள். பில் கேட்டால்தான் வரும், பள்ளிக் கணக்குக்கு வேண்டுமென்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். முகூர்த்த மாதத்தில் சனிக்கிழமை போகாதீர்கள். கீழ்க்கடையின் பத்திரிகை வேலை எல்லாம் இதே மெஷினுக்குத்தான் ஏறி வரும், உங்கள் புரூஃபைப் பார்க்க ஆள் இருக்காது. வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் தம்பி காலியாக இருப்பார். இறுதி ஃபைலின் பெயரை நீங்களே தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள், மற்றதை எல்லாம் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.